காலியாகத் திரும்பிய வேன்

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. காதோரம் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அந்தத் தெருவுக்கே அவள் தங்கச்சிதான். பேரன் பேத்தி எடுத்த டயர்க் கடைக்காரரும் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், அவளைவிடப் பத்து வயது இளையவரான சாவிக் கடைக்காரரும் அப்படித்தான். காரணம் வேறொன்றுமில்லை. அவளுடைய அண்ணன் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டரை இழுத்துவிடுகிற வரைக்கும் தெருமுனைக்குக் கேட்கும்படி "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். கேட்டுக் கேட்டுத் தெருவுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

கார் சீட்டுக்கு உறை தைக்கிற கடை அது. வாசலில் இரண்டு கார் நிற்க இடம். உள்ளே இரண்டு தையல் மெஷின், சுவரோரம் ரெக்சின் சுருள்கள், மூலையில் ஃபோம் வெட்டிய தூள். மெஷின் எட்டாத வளைவுகளைக் கையால்தான் தைக்க வேண்டும். அதற்கென்று பிறை போல வளைந்த ஊசி உண்டு. அந்த ஊசியை சீட்டுக்குள் மறந்து வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால் அந்தக் கடையில் ஒரு வழக்கம். தைத்து முடித்த எந்த சீட்டிலும் முதலில் அண்ணன் உட்காருவார். நன்றாக அழுத்தி, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை அசைந்து உட்காருவார். அவர் அலறாமல் எழுந்தால்தான் வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போகும்.

அந்த மனிதரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அப்பா போனபோது இவள் கைக்குழந்தை, அவருக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. படிப்பை மூட்டை கட்டிவிட்டு ஊசியைக் கையில் எடுத்தவர், இவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். எல்லாம் சரி. ஆனால் ஒரு மனிதர் இப்படியா உதவி செய்வார்! இவள் ஒரு தும்மல் போட்டால் அவர் மருந்துக் கடைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பார். இவள் ஒரு பாட்டில் மூடியைத் திறக்கப் போனால் அதற்குள் பிடுங்கித் திறந்து கொடுத்துவிடுவார்.

இவளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். மற்ற அண்ணன்மார்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிவந்து, தங்கைக்குத் தெரியாமல் கையை எடுத்துவிடுவார்கள். இவர் எடுக்கவே இல்லை. "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன், நீ மிதி" என்று மூச்சு வாங்கப் பின்னாலேயே ஓடினார். ஒரு மாதம் ஓடினார். இரண்டாவது மாதமும் ஓடினார். மூன்றாவது மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்ததால்தான் அவள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

அப்புறம் அந்த வேன். ரெக்சின் ஏற்றிவர வாங்கிய பழைய வேன், சத்தம் மூன்று தெரு தள்ளிக் கேட்கும். பள்ளியில் இவளுக்குத் தலைவலி என்றால் அந்த வேன் வந்து நிற்கும். மழை பிடித்தால் வந்து நிற்கும். இவளைக் கட்டிக்கொண்டவன் ஒருநாள் கை நீட்டிவிட்டான் என்று காதுக்கு வந்த அன்றைக்கே அந்த வாசலில் போய் நின்றது. "தங்கச்சி, ஏறு," என்றார். அவ்வளவுதான். ஒரு கேள்வி கிடையாது. இன்றுவரை ஒரு சொல் சொல்லிக்காட்டியதும் கிடையாது. அதற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். ஆனால் அதற்குப் பிறகு இவள் எங்கே போனாலும், பாதி வழியில் அந்த வேன் சத்தம் கேட்குமோ என்று காது தானாகவே தேட ஆரம்பித்துவிட்டது.

ஒருநாள் கடைக்கு ஒரு பல் டாக்டர் வந்தார். கையில் சைக்கிளோடு வந்தார். ஹேண்டிலுக்கு ஒரு பை, நடுச் சட்டத்துக்குள் முக்கோணமாக ஒரு பை, சீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு பை, எல்லாம் தைத்துத் தர வேண்டும். அளவு எடுத்துக்கொண்டே இவள் கேட்டாள், இத்தனை பையில் என்ன கொண்டுபோகப் போகிறீர்கள் என்று. அவர் சொன்னார். அறுநூறு கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம். தார்ச்சாலை பேருக்குத்தான், மற்றதெல்லாம் சரளைக்கல், செம்மண், காட்டுப் பாதை. நாலாம் நாள் மாலை ஆறு மணிக்குள் வந்து சேர வேண்டும். படுக்கை, துணி, ரிப்பேர் சாமான், எல்லாம் அவரவர் சைக்கிளில். வழியில் எல்லாருக்கும் திறந்திருக்கிற கடையில் வாங்கிச் சாப்பிடலாம். தெரிந்தவர்கள் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் ஆட்டம் குளோஸ்.

இவள் அளவு நாடாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாருமே உதவி பண்ணக் கூடாதா?"

"கூடாது. அதுதான் ரூலே."

"சொந்தக்காரங்ககூடவா?"

"முக்கியமா சொந்தக்காரங்க," என்று டாக்டர் சிரித்தார்.

அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. உலகத்தில் இப்படியும் ஒரு இடம் இருக்கிறதா என்று உச்சி குளிர்ந்துபோயிருந்தது. டாக்டருடைய பழைய சைக்கிளையே வாங்கிக்கொண்டாள். ஒரு வருஷம் விடிகாலையில் எழுந்து, குவாரிப் பக்கத்துச் சரளையில் ஓட்டிப் பழகினாள். அண்ணன் முதல் வாரம் வேனில் பின்னாலேயே வந்தார். அண்ணிதான் சண்டை போட்டு அதை நிறுத்தினாள்.

முதல் பந்தயம் என்ன ஆனது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். பந்தயக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கருவி கொடுப்பார்கள். ஃபோனில் சிக்னல் செத்தாலும் அது சாகாது. ஆள் எங்கே இருக்கிறார் என்று வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டிக்கொண்டே இருக்கும். வீட்டிலிருந்து யாரும் பார்க்கலாம். அண்ணன் பார்த்தார். சாப்பிடும்போது பார்த்தார், மெஷினில் உட்கார்ந்து பார்த்தார், பல் விளக்கிக்கொண்டே பார்த்தார். மூன்றாம் நாள் உச்சி வெயிலில் ஒரு பூட்டிய பள்ளிக்கூடத்து மரத்தடியில் புள்ளி நின்றது. அசையவில்லை. அவர் வேன் சாவியை எடுத்தார். கிளம்பிவிட்டார்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், ஐயா! வெயில் தாழக் கிளம்பலாம் என்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரோ தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் சூடான பாலை வைத்தார்கள். தூக்கக் கலக்கத்தில் பழக்கதோஷமாகக் குடித்தாள். அரை டம்ளர் உள்ளே போன பிறகுதான் கண் முழித்தாள். எதிரே அண்ணன், பக்கத்தில் வேன், வேனுக்குள் அவளுடைய சைக்கிள்.

"நல்ல வேளை, நான் வந்தேன்," என்றார் அண்ணன்.

பந்தயப் பட்டியலில் அவளுடைய எண்ணுக்கு எதிரே 'வெளியுதவி, நீக்கம்' என்று போட்டார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் அழுதாள். வலியால் அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு மருந்துக் கடையாக வேனை நிறுத்தினார். அந்த மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் பட்டாள். ஒரு வாரம், பக்கத்து மெஷினிலேயே உட்கார்ந்துகொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்திருக்க ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அண்ணா, அடுத்த வருஷமும் போறேன். நீ வரக் கூடாது. நான் செத்தாலும் வரக் கூடாது."

"வாயைக் கழுவு," என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "வர மாட்டேன். உன் மேல சத்தியம்," என்றார்.

அவள் நம்பவில்லை. இந்தத் தடவை அவளுக்கு அறுநூறு கிலோமீட்டர் மேல் பயம் இல்லை, மலை மேல் பயம் இல்லை. புள்ளி நிற்கக் கூடாது. அது ஒன்றுதான். நின்றால் வேன் வரும். வேன் வந்தால், கூட்டிக்கொண்டு போய்விடும். அப்படி இன்னொரு முறை போய்விட்டால் இனி ஜென்மத்துக்கும் தன்னால் ஒன்றை முடிக்க முடியும் என்று தனக்கே நம்பிக்கை வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சீட்டுப் பையின் உள்மடிப்பில் கடைசித் தையலைப் போட்டுக்கொண்டிருந்தாள். "தங்கச்சி, சாப்பிட வா," என்று அண்ணன் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார். "வரேன், வரேன்," என்று எரிச்சலோடு எழுந்து போனாள். மறுநாள் பந்தயம் தொடங்குகிற மைதானத்தில் அண்ணன் அவளுடைய பைகளைப் பார்த்து, "ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டா?" என்றார், பாதி விளையாட்டாக. "பைமேல யாராவது உட்காருவாங்களா?" என்று அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். உட்காரவிட்டிருக்கலாம்.

முதல் நாளும் இரண்டாம் நாளும் வெண்ணெயாக ஓடின. ஓட்டிக்கொண்டே சாப்பிட்டாள். கடையில் நின்றால் சிட்டாய்ப் பறந்து வாங்கிவந்தாள். சத்திரத் திண்ணையில் சாய்கிற மாதிரி எங்கும் சாய்ந்து உட்காரவில்லை. இருட்டிய பிறகு தூங்குவதை மட்டும், "அது தூக்கம்தான், ஒன்பதிலிருந்து மூன்று வரை புள்ளி நிற்கும், பயப்படாதே," என்று முன்கூட்டியே அண்ணனிடம் சொல்லி, அண்ணியைச் சாட்சியும் வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் முற்பகலில் மலையிறக்கம். கூர்மையான கற்கள் நிறைந்த பாதை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போயிருந்தது. ஒரு வளைவில் 'டப்' என்றது. பின்சக்கரம் பாம்பாக நெளிந்தது. இறங்கிப் பார்த்தாள். டயரின் பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல், அதற்குள்ளிருந்த ட்யூபும் வாயைப் பிளந்திருந்தது. போகட்டும், மாற்று ட்யூப் இருக்கிறதே என்று சீட்டுப் பையைத் திறந்து கையை விட்டவள் "ஆ!" என்று கையை உதறினாள்.

உள்மடிப்பில் குத்தி வைத்த ஊசி. சாப்பிடப் போகும்போது செருகிவிட்டுப் போன அதே வளைந்த ஊசி, நூலோடு. இரண்டரை நாள் சரளையில் குதித்துக் குதித்து, மடித்து வைத்திருந்த மாற்று ட்யூபை ஒவ்வொரு மடிப்பிலும் குத்திச் சல்லடையாக்கி வைத்திருந்தது.

அவள் நடுப்பாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருபது வருஷத் தொழிலில் ஒரே ஒரு ஊசியை மறந்திருக்கிறாள், அதுவும் தன் பையிலேயே! ஃபோனை எடுத்தாள். ஒரு கோடு சிக்னல் இல்லை. அப்போதுதான் உறைத்தது. புள்ளி நின்றுவிட்டது. இந்நேரம் அண்ணன் மெஷினை நிறுத்தியிருப்பார். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து நடப்பார். அண்ணி வேன் சாவியை ஒளித்து வைத்திருப்பாள்தான், ஆனால் பக்கத்துக் கடையே சாவிக் கடை. வீட்டிலிருந்து இந்த மலையடிவாரத்துக்குத் தார்ச்சாலையில் மூன்று மணி நேரம் ஆகாது.

"எழுந்திருடி," என்று தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டாள்.

மாற்று ட்யூபில் கைப்பம்பால் காற்றடித்து, கன்னத்தோடு ஒட்டி நகர்த்தி, காற்று சில்லென்று படுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒட்டுப் போட்டாள். கையிலிருந்த ஒட்டு அத்தனையும் தீர்ந்தது, ஓட்டைகளும் தீர்ந்தன. ஆனால் டயர்? அந்தக் கிழிசல் வழியாக ட்யூப் பிதுங்கி மறுபடி வெடித்துவிடும். அவள் ஊசியைப் பார்த்தாள். ஊசி அவளைப் பார்த்தது. பையின் மேல்மூடியை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, டயருக்குள் முட்டுக் கொடுத்தாள். கெட்டி ரெக்சின். பிறகு தைக்க ஆரம்பித்தாள். கல்லால் ஊசியைத் தட்டித் தட்டி உள்ளே இறக்கி, பல்லால் கவ்வி இழுத்து, ஒவ்வொரு தையலையும் குறுக்காகப் போட்டு, பிரியாமலிருக்கப் பின்னோக்கி ஒரு பூட்டுப் போட்டாள். விரலில் ரத்தம் வந்தது, துடைத்துக்கொண்டாள். நடுவில் இரண்டு பந்தயக்காரர்கள் நின்று, "ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்றார்கள். "இல்லை, நீங்க போங்க," என்றாள் நிமிராமல்.

எல்லாம் முடிந்து காற்றடித்தபோது தையல் கொஞ்சம் புடைத்தது. ஆனால் பிடித்தது. சக்கரத்தை மாட்டி சைக்கிளை நிமிர்த்தினாள். ஒரு கணம் கை தயங்கியது. தைத்ததில் முதலில் உட்கார வேண்டியவர் அண்ணன் அல்லவா? அது இந்த மலையில் நடக்காது. அவளே ஏறி உட்கார்ந்தாள். நன்றாக அழுத்தி, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை அசைந்து பார்த்தாள். பிறகு மிதித்தாள்.

மலையடிவாரத்தில் சரளைப் பாதை தார்ச்சாலையைக் குறுக்கே கடக்கிற இடத்துக்கு அவள் வரவும், அந்தச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. உலகத்தில் வேறெந்த வண்டிக்கும் அந்தச் சத்தம் கிடையாது. வேன் நின்றது. அண்ணன் குதித்தார். கையில் பிளாஸ்க்.

"தங்கச்சி! என்னம்மா ஆச்சு? ரத்தம்! கையில ரத்தம்!"

"கிட்ட வராதே, அண்ணா!"

அவள் நிற்கவில்லை. போகவும் மனம் வரவில்லை. அப்படியே வேனைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தாள். அண்ணன் பிளாஸ்கோடு நின்ற இடத்திலேயே சுற்றினார்.

"ஒரு நிமிஷம் நில்லேன்!"

"நின்னா நீ பிடிச்சுப்ப."

"ஒரு வாய் பால் குடிச்சுட்டுப் போ. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல?"

"புள்ளி நின்னுடுச்சு, தங்கச்சி. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நான் என்னதான் பண்ணுவேன், சொல்லு?"

அவர் குரல் உடைந்துவிட்டது. மூன்றாவது வட்டம் வந்தபோது அவர் கண் அவள் முகத்தை விட்டுக் கீழே போனது. பின்சக்கரத்தில் நின்றது. சக்கரம் சுழலச் சுழல அந்தத் தையலும் கூடவே வந்து வந்து போனது. தொழில்காரர் கண்.

"அது யார் தச்சது?"

"நான்தான்."

"முட்டுக் கொடுத்தியா?"

"ரெக்சின். ரெண்டு மடிப்பு."

"முடிச்சு?"

"உள்பக்கம். பூட்டுப் போட்டிருக்கேன்."

அண்ணன் இன்னொரு வட்டம் அவளோடு சுற்றினார், தையலையே பார்த்துக்கொண்டு. கடையில் ஒரு சீட்டிலிருந்து எழுந்திருக்கும்போது தலையை ஆட்டுவாரே, அப்படி ஆட்டினார். பிளாஸ்கை வேனின் மேல் வைத்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சரி. தாங்கும். போ."

"பின்னாடி வரக் கூடாது."

"வரல. போன்னு சொல்றேன்ல!"

அவள் சாலையைக் கடந்து சரளையில் இறங்கினாள். முதுகுக்குப் பின்னால் வேன் உறுமியது. அவளுடைய காது அதைப் பிடித்துக்கொண்டே போனது. சத்தம் நெருங்கவில்லை. குறைந்தது, இன்னும் குறைந்தது, நின்றுபோனது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வேன் அவள் இல்லாமல் திரும்பிப் போனது. சந்தோஷம் தாங்காமல், அத்துவானக் காட்டில், "ஓ!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

நாலாம் நாள் எதிர்காற்று உயிரை வாங்கியது. பாதை முழுக்க வரிவரியாகப் பள்ளம், எலும்பெல்லாம் கடகடத்தது. கடைசி மேட்டில் இறங்கித் தள்ளினாள். சைக்கிளைத் தான் தள்ளுகிறோமா, சைக்கிள் தன்னை இழுக்கிறதா என்றே தெரியவில்லை. மணிக்கொரு தரம் குனிந்து தையலைத் தடவிப் பார்த்தாள். புடைத்திருந்தது, பிரியவில்லை.

மைதானத்துக்குள் அவள் நுழைந்தபோது ஆறு மணிக்குக் கால் மணி நேரம் பாக்கி. டயர்க் கடைக்காரர், சாவிக் கடைக்காரர், பல் டாக்டர் என்று தெருவே திரண்டு வந்து நின்றது. அத்தனை பேரும் தங்கச்சி, தங்கச்சி என்று கத்தினார்கள். அண்ணன் மட்டும் கத்தவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். போதாததற்கு அண்ணி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள். அவள் முடிவுக் கோட்டைத் தாண்டினாள். கை தட்டல் காதைப் பிளந்தது.

பந்தயப் பொறுப்பாளர் பட்டியலோடு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"சார், நேத்து வழியில எங்க அண்ணன் வந்தார். நான் ஒண்ணும் வாங்கல."

"ஒரு சொட்டு வாங்கல, சார்," என்றார் அண்ணன் அங்கிருந்தே. "பாலை நானே குடிச்சேன். அழுதுகிட்டே குடிச்சேன்."

பொறுப்பாளர் சிரித்தார். "தெரியும்மா. மூணு மணி நேரம் வண்டி ஓட்டிவந்த ஆளைச் சுத்திச் சுத்தி வந்துட்டு, வெறுங்கையோட அனுப்பிட்டீங்களாமே? பின்னாடி வந்தவங்க எல்லாம் பார்த்திருக்காங்க." அவளுடைய எண்ணுக்கு எதிரே 'நிறைவு' என்று எழுதி, அவளுக்கே காட்டினார்.

அவள் இன்னும் சைக்கிள் மேலேயே இருந்தாள். காலைத் தூக்கி இறங்கலாம் என்று பார்த்தால் கால் சொன்னபடி கேட்கவில்லை. அண்ணனுக்கு அது தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்குமா? உடம்பு முழுக்கப் பரபரத்தது, கையை மட்டும் பிரிக்கவில்லை.

"சார்," என்றார், குழந்தை மாதிரி. "இப்ப தொடலாமா?"

"என்னைக் கேட்காதீங்க. அவங்களைக் கேளுங்க."

அண்ணன் அவளைப் பார்த்தார். அவள் நாலு நாள் தூசி ஒட்டிய முகத்தோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"அண்ணா, வா. பிடிச்சுக்கோ."

அண்ணி சட்டையை விட்டாள். அவர் ஓடிவந்து சைக்கிளின் பின்னால் நின்று, இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பிடிச்சிருக்கேன்," என்றார். "இறங்கு."